துரை வேடத்துக்குப் பொருத்தமான ஆள்

பினாங்குக்கு வந்த புதிதில் எனக்குத் தலைக்கனம் ஏறியதற்குக் காரணம் ஒரே ஒரு சொல். இங்கே எல்லோரும் என்னை 'பாஸ்' என்றார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சோற்றுக்கடைக்குப் போனால், குழம்பு ஊற்றுகிறவர் "என்னா பாஸ், மீனா கோழியா?" என்பார். டாக்சிக்காரர் பாஸ் என்பார். சிம் கார்டு விற்ற சீனப் பெண்ணும் பாஸ் என்றார். திருச்சியில் முப்பது வருஷம் இருந்தும் கிடைக்காத மரியாதை மூன்றே நாளில் கிடைத்துவிட்டதே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான், சாப்பிட வருகிறவர்களும் அந்தக் குழம்புக்காரரை பாஸ் என்றே கூப்பிடுவது காதில் விழுந்தது. இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோரும் பாஸ்.

ஏமாற்றத்தை மறைக்க அதைத் தத்துவமாக்கிக்கொண்டேன். வெள்ளைக்காரன் விட்டுப்போன சொல்லை ஜனங்கள் பிடுங்கி ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள், இதுவல்லவா எதிர்ப்பு என்று ஊர் நண்பர்களுக்கு நீளமான குரல்செய்தி அனுப்பினேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. கல்லூரி நாளில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து இரண்டு வருஷம் வெளிநாட்டுக் குளிர்பானத்தைத் தொடாமல், பன்னீர் சோடா குடித்தே பல்லைக் கெடுத்துக்கொண்டவன் நான். விடுதி அறைச் சுவரில் உலகப் படம் ஒட்டி, எந்தக் கப்பல் எங்கிருந்து எதை அள்ளிப்போனது என்று சிவப்பு மையில் அம்புக்குறி போட்டிருந்தேன். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஓர் அம்பு இருந்தது. அதன் மேல் 'கூலிகள்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டதும் நினைவிருக்கிறது.

இப்போது பாயான் லெப்பாஸ் பக்கம் ஓர் ஐரோப்பியக் கம்பெனியின் மின்னணுத் தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு மேலாளர். தலைக்கவசம், தீயணைப்பான், வழுக்கும் தரை, இவைதான் என் ராஜ்யம். இரண்டு வருஷத்துக்கு முன் வளாகத்துக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கி, ஒருவருக்கு முழங்கை சிராய்ந்தது. உடனே சுற்றறிக்கை எழுதினேன். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் வாசலிலேயே இறங்கி, எஞ்சினை நிறுத்தி, வண்டி நிறுத்தும் கொட்டகை வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். கார்கள் மெதுவாக ஓட்டிச் செல்லலாம். வாசலிலிருந்து கொட்டகைக்கு நல்ல மேடு. ஆனாலும் விபத்து ஒன்றுகூட இல்லை என்று தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. அதைச் சட்டம் போட்டு மேசையில் வைத்துக்கொண்டேன்.

அந்த மேட்டில் தினமும் தள்ளுகிறவர்களில் ஒருவர் கோகிலா அக்கா. பத்தொன்பது வருஷமாகப் பரிசோதனைப் பிரிவில் வேலை. நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து கடற்பாலத்தைத் தாண்டித் தீவுக்கு வருகிறார். ஒரு முழங்கால் அவ்வளவு சரியில்லை. இறங்காமல் ஓட்டிப் போனதற்காக அவருக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் போயிருந்தன, இரண்டிலும் என் கையெழுத்து. மூன்றாவது போனால் விசாரணை, அதன்பின் வேலை போய்விடும். நான் கல்நெஞ்சன் இல்லை. மருத்துவச் சீட்டு கொண்டுவந்தால் உங்களுக்கு மட்டும் விலக்கு தருகிறேன் என்று கூப்பிட்டுச் சொன்னேன். "எனக்கு மட்டும் வேணாம் சார். நாப்பது பேரு தள்ளுறோம்லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நன்றி இல்லாத மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

அதே கோகிலா அக்கா ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தார்.

"சார், எங்க தமிழ்ப்பள்ளி விழாவுக்கு நாடகம் போடுறோம். அந்தக் காலத்து எஸ்டேட் ஸ்ட்ரைக் கதை. நான்தான் எழுதுனேன். நீங்க நடிக்கணும்."

போராட்டத் தலைவர் வேடம்தான் என்று மனதுக்குள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

"தொரை வேசம்" என்றார்.

"நானா?"

"இங்கிலீசு நல்லா பேசுறீங்க. ஷூ போட்டு நடந்து பழக்கம். எங்க ஆளுங்க யாரு போட்டாலும் சிரிப்பு வந்துருது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒத்திகைக்குப் போனேன். தொழிற்சாலையில் சார், தோட்டத்துக்குள் நுழைந்ததும் தம்பி. அதுவே எனக்கு இதமாக இருந்தது. முக்கியமான காட்சியை அவர் விளக்கினார். "எங்க அப்பா சொல்லுவாரு தம்பி. சைக்கிள்ல போயிட்டிருப்போம், தூரத்துல தொரை தொப்பி தெரிஞ்சா போதும், எறங்கிரணும். அவரு தாண்டிப் போற வரைக்கும் சைக்கிளப் புடிச்சிட்டு நிக்கணும். கணக்கெழுதுற கிராணி வந்தாலும் அப்படித்தான். ஸ்ட்ரைக்குல கூலி கேட்டாங்க, மருந்து கேட்டாங்க, சைக்கிள விட்டு எறங்க மாட்டோம்னும் சொன்னாங்க."

சும்மா இருந்திருக்கலாம். நான் எழுந்து நின்று ஏகாதிபத்தியம் உடலை எப்படி ஆள்கிறது, ஒருவனை வாகனத்திலிருந்து இறக்குவதன் அரசியல் என்ன என்று கால் மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள். ஒருவர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். கோகிலா அக்கா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

சைக்கிள் இன்னும் கிடைக்காததால் அவர் தன் மோட்டார் சைக்கிளையே ஒத்திகை நடந்த கூடத்துக்குள் கொண்டுவந்தார். நான் பிரம்பை நீட்டி "இறங்கு" என்றேன். சொல்லிக் கொடுக்காமலேயே குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. அவர் இறங்கினார். எஞ்சினை அணைத்தார். குனிந்து, அந்தக் காலை லேசாக இழுத்து, தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். போகும்போது ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். தினமும் காலையில் என் அறைக் கண்ணாடி வழியே நான் பார்க்கும் காட்சி அது. எல்லோர் முன்னாலும் அழுதுவிடுவேனோ என்று பயமாகக்கூட இருந்தது. உடனே ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். துரை செய்தது அடக்குமுறை, நான் செய்தது பாதுகாப்பு நடவடிக்கை.

பாலத்தில் திரும்பி வரும்போது அந்தச் சமாதானமும் கையை விட்டுப் போனது. ஊரில் எங்கள் தெரு வழியாகத்தான் காலனிப் பக்கத்து ஆட்கள் பேருந்துக்குப் போக வேண்டும். தெருமுனை வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டே போவார்கள். யாரும் பிரம்பு நீட்டவில்லை. எங்கள் வீட்டுச் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தபடிதான் ஏகாதிபத்திய எதிர்ப்புப் பேச்சுக்கு நான் குறிப்பெடுத்தேன். நீங்களும் உங்கள் தெருவில் பார்த்திருப்பீர்கள். துரை இந்த வழக்கத்தைக் கப்பலில் கொண்டுவந்திருக்கத் தேவையே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் ஐந்து நாள் தாங்கியது.

வெள்ளிக்கிழமை காலை மழை இல்லை, வெயிலும் இல்லை. கோகிலா அக்கா வாசலில் வேகத்தைக் குறைத்தார், மேலே என் சன்னலைப் பார்த்தார், இறங்காமல் மேட்டில் ஓட்டிக்கொண்டு போனார். 'ஜாகா' என்று இங்கே சொல்லும் காவலாளி பின்னாலேயே ஓடினார். எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. என் கண் முன்னாலேயா, நான் யாரென்று நினைத்தாள் என்று பொரிந்தேன். அவரை 'அவள்' என்று நினைத்ததுகூட அப்போது உறைக்கவில்லை. மூன்றாவது கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னேன். திங்கட்கிழமை கையெழுத்திட்டால் முடிந்தது.

இடையில் ஞாயிற்றுக்கிழமை நாடகம். எப்படிப் போகாமல் இருப்பது? முகத்தில் பவுடரை அப்பி, காக்கி அரைக்கால் சட்டையும் அட்டைத் தொப்பியுமாக மேடையில் ஏறினேன். கோகிலா அக்கா, எங்கேயோ தேடிப் பிடித்த சைக்கிளில் வந்தார். நான் "இறங்கு" என்று கத்தினேன். மனதில் வெள்ளிக்கிழமைக் கோபம் மிச்சம் இருந்ததால் கூடமே அதிர்ந்தது. அவர் இறங்கவில்லை. என்னைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போனார். ஜனங்கள் கைதட்டி, என்னை ஊளையிட்டு விரட்டினார்கள். கடலை வந்து நெற்றியில் விழுந்தது. முடிந்ததும் எல்லோரும் கை குலுக்கிப் பாராட்டினார்கள்.

கோகிலா அக்கா தேநீர்க் கோப்பையைக் கொடுத்துவிட்டு, "நடிச்ச மாதிரியே தெரியல தம்பி" என்றார். கிண்டலே இல்லாமல் சொன்னார். பிறகு, "நாளைக்கு லெட்டர் வருமா சார்?" என்றார்.

தம்பியிலிருந்து சாருக்கு ஒரே மூச்சில் திரும்பிவிட்டார். பவுடர் வேர்வையில் வழிந்து வாய்க்குள் போயிற்று.

திங்கட்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆலை இயக்குநர் லார்ஸின் அறைக்குப் போனேன். ஐரோப்பாவிலிருந்து வந்தவர், என்னைவிட இளையவர், உடற்பயிற்சிக்காகச் சைக்கிளில் வேலைக்கு வருகிறவர். வாசலில் ஜாகா அவருக்குச் சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிடுவார். நான் தோட்டம், துரை, சைக்கிள், வேலைநிறுத்தம் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். வரலாற்றின் சார்பாக ஒரு வெள்ளைக்காரரிடம் நியாயம் கேட்கப்போகிறேன் என்ற நினைப்பில் குரல் கொஞ்சம் நடுங்கியது. அவர் முகம் சிவந்தது.

"மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றார். "எனக்குத் தெரியாது. நாளையிலிருந்து நானும் வாசலில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறேன்."

நான் சொல்ல வந்தது அது இல்லை என்று விளக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. கடைசியில் விளங்கியது அவருக்கு.

"அப்படி ஒரு விதி இருக்கிறதா? யார் போட்டது?"

"நான்தான்."

"அப்படியானால் நீங்களே எடுத்துவிடலாமே. என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?"

எதிர்த்து நிற்பதற்கு ஒரு துரை வேண்டும் என்று மாடிப்படி ஏறிப் போனேன். அங்கே யாரும் இல்லை. இரண்டு வருஷமும் அந்தச் சாம்ராஜ்யம் முழுவதையும் நான் ஒருவனே, யாரும் கேட்காமலேயே, நடத்தியிருக்கிறேன். அறைக்கு வந்து கடிதத்தைக் கிழித்தேன். சுற்றறிக்கையை ரத்து செய்ய இரண்டு வரி போதுமாக இருந்தது. மின்னஞ்சல் அனுப்பி, தகவல் பலகையிலும் ஒட்டச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை, நல்ல செய்தியை நேரிலேயே சொல்லிப் பேர் வாங்கலாம் என்ற ஆசையில் வாசலுக்கே போய் நின்றேன். நாற்பது மோட்டார் சைக்கிளும் சாலைத் திருப்பத்தில் வந்தன. என்னைப் பார்த்ததும் முன்னால் வந்தவர் எஞ்சினை அணைத்து இறங்கினார். பின்னால் வந்தவர் இறங்கினார். வரிசையாக எல்லோரும் இறங்கினார்கள். "ஓட்டிட்டுப் போங்க, விதியை எடுத்தாச்சு" என்றேன். "போலே, போலே", அதாவது ஓட்டலாம் என்று, எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். கையால் மேட்டைக் காட்டினேன். தலையை ஆட்டினார்கள். ஏறவில்லை. பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கோகிலா அக்கா மட்டும் வண்டியை விட்டு இறங்காமல் என் பக்கத்தில் வந்து ஒரு காலை ஊன்றினார்.

"போர்டுல பாத்தேன் தம்பி. சந்தோசம். ஆனா நீங்க இங்க நிக்கிற வரைக்கும் இவங்க ஏற மாட்டாங்க. கொஞ்சம் தள்ளிப் போயிருங்க."

மேலே கண்ணாடி அறைக்குப் போனாலும் என் தலை தெரியும். சாலைப் பக்கம் போக அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி தெரியாமல் ஜாகாவின் கொட்டடிக்குப் பின்னால், துடைப்பமும் தண்ணீர்க் குழாயும் கிடக்கிற சந்தில் போய், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றேன். முதலில் ஓர் எஞ்சின் உறுமியது. பிறகு இன்னொன்று. அப்புறம் எல்லாம் சேர்ந்து மேடேறுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது. கடைசி வண்டி போகிற வரை பார்க்கவில்லை.