அக்கா வேன் வாங்கிய கதை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் உங்களில் பலர் பின் அட்டையைத் திருப்பி, பணம் செலுத்தும் கியூ.ஆர் கட்டம் எங்கே என்று தேடியிருப்பீர்கள். எங்கள் அக்காவை அறிந்தவர்கள் தேடாமல் இருக்க முடியாது. அது வேண்டாம் என்று குடும்பத்தார் முடிவு செய்தோம். ஊருக்கே நன்கொடை திரட்டியவர் என்றாலும், வீட்டு விசேஷத்திலோ துக்கத்திலோ அக்கா ஒரு நாளும் யாரிடமும் கேட்டதில்லை. ஆகவே கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு நிம்மதியாகப் படிக்கலாம்.

அக்கா மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், காஹாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தார். அப்பா எண்ணெய்ப்பனைக் குலை வெட்டினார், அம்மா உதிரிப்பழம் பொறுக்கினார். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, குளுவாங்கில் இடைநிலைப் பள்ளியை முடித்து, அக்கா சிங்கப்பூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். சோப்புத்தூளையும் பிஸ்கட்டையும் மக்கள் தலையில் கட்டுவதற்கு வாசகம் எழுதுவது அவர் வேலை. ஜொகூர் பாருவில் தங்கி, நாள்தோறும் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்பினார். அந்தப் பாலத்து நெரிசலில் நின்ற நேரத்துக்கு இன்னொரு பட்டமே படித்திருக்கலாம் என்று நான் கேலி செய்வேன். "படிச்சிக்கிட்டுத்தான்டா இருக்கேன், உனக்குத் தெரியல," என்பார்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தபோது அக்கா வேலையை விட்டுவிட்டு அத்தானோடு குளுவாங்குக்குக் குடிவந்தார். அங்கே சிலர் சேர்ந்து நடத்திய டயாலிசிஸ் நிலையம் அம்மாவை மிகக் குறைந்த கட்டணத்தில் ஏற்றுக்கொண்டது. அம்மா காலமான பிறகு நன்றி சொல்ல அந்த நிலையத்துக்குப் போன அக்கா, திரும்பி வரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நன்கொடை கேட்டு அவர்கள் அடித்திருந்த அறிக்கையைப் பார்த்தாராம். வாடிய முகங்கள், ஊசி குத்திய கைகள், கீழே "தாராளமாக உதவுங்கள்" என்று ஒரு வரி. "இத பார்த்தா எனக்கே பக்கத்தைத் திருப்பணும் போல இருக்கு, தலைவரே," என்று நிர்வாகத் தலைவரிடம் சொல்லிவிட்டார். அன்று தொடங்கியது சம்பளமில்லாத அந்த உத்தியோகம்.

அக்கா முதலில் மாற்றியது படங்களை. எந்தப் படம் போட வேண்டும் என்பதை நோயாளிகளே சொல்லட்டும் என்றார். காஹாங்கிலிருந்து வரும் லெட்சுமி அம்மா பட்டுச்சேலை கட்டி, பௌடர் போட்டு, பேத்தியின் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். தலைவருக்குத் தலைசுற்றியது. "இப்படி ஜாலியா நின்னா யாரும்மா காசு கொடுப்பா?" என்றார். "நம்ம வீட்டுப் பெரியம்மா மாதிரி இருக்காங்க லா. நம்ம ஆளுன்னு தெரிஞ்சா கொடுப்பாங்க," என்றார் அக்கா. கொடுத்தார்கள். அந்தப் படம் எத்தனை கைப்பேசிகளுக்குப் போனது என்று தெரியாது. லெட்சுமி அம்மாவைக் கடைத்தெருவில் கண்டவர்கள் நின்று நலம் விசாரித்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

அடுத்தது கேட்கும் விதம். தோட்டங்களிலிருந்து நோயாளிகளை ஏற்றி வர நிலையத்துக்கு ஒரு பழைய வேன் இருந்தது. "நிதி தாரீர்" என்று அக்கா எழுதவே மாட்டார். "வியாழக்கிழமை வேனுக்கு எண்ணெய் போட ஆள் தேவை" என்று எழுதுவார். பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு நாள் எண்ணெய், திருமண நாளுக்கு ஒரு நாள் எண்ணெய். அன்று மாலையே கொடுத்தவருக்கு அக்காவின் குரல்பதிவு போகும்: "உங்க மக பேர்ல இன்னிக்கு வேன் ஓடிச்சி. எல்லாரும் நல்லபடியா வீடு போய் சேர்ந்துட்டாங்க." அந்தப் பதிவில் அடுத்த நன்கொடையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. நன்றி சொல்லும்போது கை நீட்டினால் நன்றியும் கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி.

காலையில் செய்தி அனுப்பினால் பூவும் குருவியும் போட்ட வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும் என்று அக்கா கண்டுபிடித்தார். ஆகவே மாலையில், சிங்கப்பூர் வேலை முடிந்து நம் ஆட்கள் பேருந்தில் பாலத்தின் மேல் சிக்கி நிற்கும் நேரத்தில் அனுப்பினார். "கையில போன் இருக்கும், வேற வேலை இருக்காது. நான் நின்ன இடம்தானே." பதில்கள் கொட்டின. பாலத்தில் அவர் படித்தது என்னவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இப்படி எல்லாம் நன்றாக நடக்கையில் வேன் படுத்துவிட்டது. குளிர்சாதனம் எப்போதோ செத்துவிட்டது. பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். இனி நம்ப வேண்டாம் என்று பட்டறைக்காரர் கைவிரித்தார். வேறு வழியில்லாமல் அதையே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். வாரம் மூன்று முறை சிகிச்சைக்கு வந்தாக வேண்டியவர்கள் அவர்கள். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், அடுத்ததும் தவறினால் மூச்சு வாங்கும். தோட்டத்திலிருந்து வாடகைக் காரில் வர அவர்களில் யாருக்கும் வசதியில்லை. புதிய வேன் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும்.

நிர்வாகத்தினர் நம் வழக்கப்படி நிதி திரட்ட விருந்து வைத்தார்கள். மேசை மேசையாக விற்றோம். ஒலிவாங்கியை மட்டும் கூட்டத்துக்குள் அனுப்பாதீர்கள் என்று அக்கா கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தார். ஆனால் மீன் வந்து கோழி வருவதற்கு இடைப்பட்ட நேரத்தில் அறிவிப்பாளர் உற்சாகம் தாங்காமல் மேடையை விட்டு இறங்கிவிட்டார். ஒரு மேசையில் ஒருவர் ஒரு தொகையைச் சொன்னார். பக்கத்து மேசைக்காரர் அதைவிடப் பெரிதாகச் சொன்னார். கைதட்டல், விசில், பொன்னாடை. யோங் பெங்கில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் சந்திரன் முதலாளி சொன்ன தொகைக்கு மண்டபமே எழுந்து நின்றது. நானும் நின்றேன், கை சிவக்கத் தட்டினேன். அக்கா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். மறுநாளே தலைவர் முன்பணம் கட்டி வேனுக்குச் சொல்லிவிட்டார்.

விருந்தில் சொன்ன பணம் வரவில்லை. ஒருவர் வெளியூர், ஒருவர் கூட்டத்தில் இருந்தார், பலர் தொலைபேசியை எடுக்கவில்லை. வேனுக்கு மீதிப் பணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கியது. முன்பணமும் போய்விடும் போலிருந்தது. தலைவர் கொதித்துப்போய், சொன்னவர்கள் பெயரையெல்லாம் பத்திரிகையில் போடப் போவதாக அறிவித்தார்.

அந்த வாரம்தான் அக்காவுக்குப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். நாங்கள் இடிந்து போயிருந்தோம். அக்கா கட்டிலில் சாய்ந்துகொண்டு தலைவரோடு சண்டை போட்டார். "பேப்பர்ல போட்டா இந்த ஒரு தடவை காசு வரும், தலைவரே. அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் நாம போக முடியாது. எனக்கு ஒரு வாரம் குடுங்க." பிறகு சந்திரன் முதலாளியை அழைத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"முதலாளி, காசு பத்திப் பேச கூப்பிடல. சனிக்கிழமை காலையில காஹாங்லருந்து வேன் வரும். அதுல ஓர் இடம் இருக்கு. வர்றீங்களா?"

மறுமுனையில் முதலாளி நேரத்தையும் இடத்தையும் விசாரித்தார். பிறகு, "வர்றேம்மா," என்று கேட்டது.

இதற்குப் பின் நடந்ததை முதலாளியின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். "எழுது தம்பி, நாலு பேருக்குப் புத்தி வரட்டும்," என்று அவரே சொன்னார். விடியும் முன் காஹாங்கில் நானும் அவரும் வேனில் ஏறினோம். அவர் வேனை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இத நான் எடைக்குக்கூட வாங்க மாட்டேன்," என்றார். ஓட்டுநர் மணியம் அண்ணன் சிரிக்கவில்லை. முதலாளிக்கு லெட்சுமி அம்மா பக்கத்தில் இடம் கிடைத்தது. பாதி வழியில், ஒரு மேட்டில், செம்பனை லோரி ஒன்றுக்குப் பின்னால் வேன் இருமியது, அப்படியே நின்றுவிட்டது.

"அலமாக், மறுபடியுமா," என்று இறங்கினார் மணியம் அண்ணன். உள்ளே யாரும் பதறவில்லை. பழகியவர்கள். லெட்சுமி அம்மா வீங்கிய காலை நீட்டிக்கொண்டு முதலாளியை உற்றுப் பார்த்தார். "நீங்கதானே அன்னிக்கு விருந்துல பேசுனவரு? நல்லா பேசுனீங்கய்யா. நாங்க எல்லாம் வீட்டுல போய் சாமிக்கு விளக்குப் போட்டோம்."

அவர் குத்திக்காட்டவில்லை. மனமார வாழ்த்தினார். முதலாளியின் முகத்தை நான் பார்க்காமல் வெளியே திரும்பிக்கொண்டேன். அவர் கீழே இறங்கி, தன் லோரி ஒன்றை வரச்சொல்லி, வேனைக் கட்டி இழுக்க வைத்தார். நிலையத்தில் ஒவ்வொருவரையும் கைபிடித்து இறக்கினார்.

நேரே அக்காவின் வீட்டுக்கு வந்தார். கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து, "அம்மா, நான் சொன்ன அளவு காசு என்கிட்ட இல்ல. பக்கத்து மேசைக்காரன் சொல்லவும் வாய் தவறி சொல்லிட்டேன்," என்றார். பெரிய உடம்பு குறுகிப் போயிருந்தது. அக்கா சிரித்தார். "எனக்கு அன்னிக்கே தெரியும், முதலாளி. விருந்துல சொன்னத விடுங்க. முடிஞ்சத சொல்லுங்க. மாசா மாசம் கொடுங்க, போதும்."

இதுதான் அக்காவின் சாமர்த்தியம் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். விருந்தில் தொகை சொன்னவர்களுக்குக் கொடுக்க மனமில்லாமல் இல்லை. சபையில் சொன்னதைக் குறைத்துச் சொல்ல வெட்கம். அந்த வெட்கம் போக அக்கா வழி செய்து கொடுத்தார். பெரிய தொகையை விட்டுவிட்டீர்களே என்று தலைவர் அங்கலாய்த்தார். ஆனால் சந்திரன் முதலாளி தன் கூட்டாளிகளை ஒவ்வொருவராக வேனில் ஏற்றி அனுப்பினார். இறங்கியவர்கள் எல்லாம் அக்காவுக்கு அழைத்து, முடிந்ததைச் சொன்னார்கள். வேனில் இடம் கேட்டுப் போட்டி நடந்தது என்றால் நம்புவீர்களா? வேதிச்சிகிச்சை முடிந்து வாந்தி எடுத்துக்கொண்டே அக்கா குரல்பதிவு அனுப்பினார். கெடுவுக்குள் பணம் சேர்ந்தது. மாதாமாதம் வரும் பணம் இன்றும் வருகிறது.

புது வேன் முதலில் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வந்தது. மணியம் அண்ணன் தெரு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். அத்தான் அக்காவைத் தூக்கி வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது நான். தள்ளி வை, நேராக வை என்று ஏவியது அக்கா. அவ்வளவு மகிழ்ச்சியாக அவரை நான் பார்த்ததே இல்லை. வேனின் பக்கவாட்டில் அக்காவின் பெயரை எழுத வேண்டும் என்று தலைவர் கண் கலங்கச் சொன்னார். "என் பேர் எதுக்கு? போன் நம்பர் போடுங்க, பெருசா. வேன் தேவைப்படுறவங்க கூப்பிடட்டும்," என்றார் அக்கா. அப்படியே எழுதியிருக்கிறது.

சில வாரங்களில் அக்கா அமைதியாகப் பிரிந்தார். அத்தான் கையைப் பிடித்திருந்தார்.

இறுதி ஊர்வலத்தில் அந்த வேனும் வர வேண்டும், மாலைகளை அதில்தான் ஏற்ற வேண்டும் என்று உறவினர்கள் நீங்கள் ஆசைப்பட்டீர்கள். எனக்கும் அதே ஆசை. மணியம் அண்ணனை அழைத்தேன். "தம்பி, இன்னிக்கு ஆளுங்கள ஏத்துற நாளு. நான் அங்க வந்தா அக்கா எந்திரிச்சி ஏசுவாங்க," என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுத்த கணம், அக்காவின் தலைமாட்டில் நின்றுகொண்டு சிரித்துவிட்டேன். சுற்றியிருந்த நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தீர்கள். காரணம் இதுதான்.

இந்த ஓராண்டும் எங்களைத் தாங்கிய உறவுகளுக்கும், அக்காவைத் தங்கள் தாயாகக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், துக்க வீட்டுக்கு மூன்று வேளையும் சமைத்து அனுப்பிய அண்டை வீட்டாருக்கும், மாலையோடு வந்து நின்ற ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அன்று வராத லெட்சுமி அம்மாவுக்கும், வேனில் அவரோடு இருந்த அத்தனை பேருக்கும், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டிய மணியம் அண்ணனுக்கும் தனியாக ஒரு நன்றி. நீங்கள் வராததால்தான் அக்காவை நாங்கள் நல்லபடியாக வழியனுப்பினோம்.