எல்லாத்துக்கும் தாங்குற பிக்கப்

இன்னைக்கு கிடார் குரூப்புல ஒரு தம்பி கேட்டிருந்தார்: "மெலடி, குத்து ரெண்டுக்கும் ஏத்த பிக்கப் எது?"

என்னைக் கேட்காதீங்க தம்பி.

எண்பதுகள்ல, மலைமேல இருக்கிற புதூர்நாட்டுல திருவிழா. கச்சேரிக்கு முந்தின நாள், கிடார்ல கம்பிச் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் செத்துப்போச்சு. பஸ்ஸும் போயிடுச்சு.

மலையிலிருந்து கீழே போன ஒரு ஜீப் டிரைவர்கிட்ட, "எங்க மேனேஜருக்குப் போன் போட்டு, எல்லாத்துக்கும் தாங்குற பிக்கப் ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க"ன்னேன்.

மறுநாள் சாயங்காலம் வந்துச்சு. நாலு சக்கரத்தோட.

"எந்த லோடும் தாங்கும் சார். இன்னா ஏத்தணும்?"ன்னார் வண்டிக்காரர்.

"என்னைத்தான்!"

விழாக் கமிட்டித் தலைவர் வண்டிச் சாவியை வாங்கி வேட்டி மடிப்புல சொருகிட்டார். "வாசிச்சுட்டுப் போங்க."

ஊமைக் கிடாரோட மூணு மணி நேரம் மேடையில நின்னேன்.

முடிஞ்சதும் சாவியைக் கொடுத்துட்டுச் சொன்னார்: "கிடார்தான் டாப்புங்க."

நான் எந்த பிக்கப்பைச் சொல்லட்டும்?