ஈரச் சட்டையோடு ஓடிய ஓட்டம்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. மலாக்காவில், காஜா பேராங்கில் குடியிருந்தோம். எனக்குப் பதின்மூன்று வயது. காலையில் ரொட்டிக்காரர் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வருவார். அவரை முந்திக்கொண்டு சாலை முனைவரை ஓடுவேன். அவரும் எனக்காக மெதுவாக மிதிப்பார். அப்படிப் பழகிய கால்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் முந்தின.

ஆனால் போட்டி என்றாலே பயம் பிடித்துக்கொள்ளும். இரண்டு முறை சட்டையெல்லாம் வாந்தியோடு வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது.

“இன்னொரு வாட்டி இந்தக் கோலத்துல வந்து நின்னீன்னா, ஓட்டமும் வேணாம் ஒண்ணும் வேணாம்” என்று சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் பல பள்ளிகள் கலந்துகொண்ட போட்டிக்கு அம்மா, அப்பா இருவரும் வந்திருந்தார்கள். லாரி ஓட்டுநரான அப்பா அதற்காக அரை நாள் லீவு போட்டிருந்தார். இறுதி ஓட்டத்துக்குக் கூப்பிடும் நேரத்தில் நான் திடலுக்குப் பின்னால் குழாயடியில் குனிந்து நின்றேன். சட்டையின் முன்பக்கம் பாழ். இனி ஓடவே விடமாட்டார்கள் என்று அழுகை முட்டியது.

பக்கத்தில் ஒரு மலாய்ப் பெண் வந்து நின்றாள். வேறு பள்ளிக்காரி. முதல் சுற்றில் என்னைச் சுலபமாக முந்தியவள்.

“எனக்கும் இப்பதான் வாந்தி வந்துச்சு, மரத்துக்குப் பின்னால” என்றாள் மலாயில்.

நான் நம்பவில்லை. கையை நீட்டினாள். தொட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி இருந்தது.

எனக்குத் தெரிந்த பசார் மலாயில், கடைத்தெருவில் பேசும் அரைகுறை மலாயில், அம்மா சொன்னதைச் சொல்லி அழுதேன். அவள் குழாயைத் திறந்து, தண்ணீரை அள்ளி அள்ளி என் சட்டை முழுக்க ஊற்றிக் கழுவினாள். பிறகு தன் சட்டையையும் நனைத்துக்கொண்டாள். ஏன் என்றேன்.

“ஒருத்தி மட்டும் நனைஞ்சிருந்தா கேப்பாங்க. ரெண்டு பேருன்னா வெயிலுக்குன்னு நினைச்சுக்குவாங்க.”

ஓடினோம். அவள் முதலில் வந்தாள், நான் மூன்றாவது. “என்னடி இப்படி நனைஞ்சிருக்கே?” என்றார் அம்மா. வெயில் என்றேன். அப்பா சிரித்துக்கொண்டே சர்க்கரைப்பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கித் தரக் கூட்டிப்போனார். அதன்பின் வீட்டில் யாரும் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அவள் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. மறுவருஷம் தேடினேன், அவள் வரவில்லை.

பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, விளையாடும் பிள்ளைகளின் மனத்தைப் பற்றி ஆராய்வதே என் தொழிலாயிற்று. பள்ளிப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்வேன். முதலில் ஜெயித்த கதைகளாகவே சொல்வார்கள். கடைசியில் யாராவது ஒருத்தி, போட்டிக்கு முன்னால் தனக்கு வாந்தி வரும் என்பாள். சுற்றியிருக்கும் முகங்கள் சட்டென்று நிமிரும். கட்டுரைகளில் அதற்குப் பெரிய பெரிய பெயர்கள் வைத்தோம். ஆனால் அந்த முகங்கள் நிமிர்வதைப் பார்க்கத்தான் ஓய்வு பெறும்வரை இந்த வேலையை விடாமல் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.