குல்சார் பேகத்தின் குப்பைத் தொட்டி

குல்சார் பேகத்துக்குத் தீ என்றால் ஈரக்குலை நடுங்கும். அவளுக்கு வாய்த்த குடியிருப்பைப் பாருங்கள்: பனியன் கம்பெனியின் வேஸ்ட் துணி மூட்டைகளைக் கூரை முட்ட அடுக்கிய குடோன், அதை ஒட்டி ஒற்றை அறை. புருஷன் அக்பர் அங்கே ராத்திரி வாட்ச்மேன்.

"காம்பவுண்டுக்குள்ள தீக்குச்சி கிழிச்சா, அன்னைக்கே ஊட்டைக் காலி பண்ணிப் போடோணும்" என்று முதலாளி சுப்பண்ணன் வேலைக்குச் சேர்க்கும்போதே சொல்லிவிட்டார். சோறாக்குவதுகூட மதிலுக்கு வெளியே தகரக் கொட்டகையில்தான். அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு வந்த பிறகும் குல்சாருக்கு மனசு கேட்காது. திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

இத்தனை பயத்துக்கு நடுவில் அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம் செடிகள். தரையெல்லாம் காரை போட்டிருந்ததால் எண்ணெய் டின்னிலும் ஓட்டைக் குடத்திலும் ரோஜா, மருதாணி, புதினா வளர்த்தாள். வெறும் செம்மண்ணைப் போட்டால் நாலு வெயிலில் கல்லாகிவிடுகிறது. அதனால் மண்ணை அவளே தயார் பண்ணினாள். குடோன் சுவரோரம் விளிம்பு உடைந்த சிமெண்டுத் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. காய்கறித் தோல், டீத்தூள் சக்கை, சாணி, ஆறின அடுப்புச் சாம்பல், குடோனைக் கூட்டும்போது சேரும் பஞ்சுத் தூசி எல்லாம் அதற்குள் போகும். தண்ணீர் தெளித்துக் கிளறிக்கொண்டே இருப்பாள். மக்கிப் பொடியானதும் சலித்துச் செம்மண்ணோடு கலப்பாள். பஞ்சு கலந்த மண் ஈரத்தை லேசில் விடாது. முதலாளி வீட்டம்மாவே தன் ரோஜாவுக்கு அந்த மண்ணைக் கேட்டு ஆள் அனுப்புவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் ஒரு காலை. அறையை விட்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தொட்டியிலிருந்து வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. கையை உள்ளே விட்டாள். சுட்டது. யா அல்லா! நேற்றுப் போட்ட சாம்பலில் கங்கு கிடந்துவிட்டதா? சுவருக்கு அந்தப் பக்கம் மூட்டைகள். டூட்டி முடிந்த அக்பர் எப்போதும் போல அந்த மூட்டைகளுக்குப் பின்னால்தான் தூங்கிக்கொண்டிருந்தார். கத்தினால் இருக்கிற இடம் போகும், கத்தாவிட்டால் மனுஷனே போய்விடுவார்.

"தீ! தீ! ஓடியாங்க!"

கட்டிங் செக்‌ஷன் ஆட்கள் பக்கத்தில் துணி வெட்டும் கட்டடத்திலிருந்து வாளியோடு ஓடி வந்தார்கள். பால் ஊற்ற வந்த முத்தாயி எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அட, என்னங்கம்மா நீங்க! இது புகையில்லீங்க, ஆவிங்க. குப்பை வேகுது. எங்க காட்டு எருக்குழியும் பனிக்காலத்துல இப்படித்தானுங்க."

அவ்வளவுதான், காம்பவுண்டே சிரித்தது. அன்றிலிருந்து அவளைப் பார்த்தால், "குல்சாரம்மா, குப்பை வெந்துருச்சுங்களா? எலை போட்டரலாமுங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. ஊரார் கேட்டால் போகட்டும், கட்டினவருக்குமா இந்தக் கேலி? சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "இன்னைக்கு அடுப்புல வெந்ததா, தொட்டியில வெந்ததா புள்ளே?" என்பார். குல்சாரும் கூடச் சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் கூசிப் போவாள்.

தை பிறந்தும் பனி விடவில்லை. ஒரு நாள் காலை தொட்டிப் பக்கம் மறுபடியும் வெள்ளையாக ஏதோ எழும்பியது. கத்த வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். மறுபடி மானம் போவானேன்? ஆனால் மூக்கு சும்மா இருக்கவில்லை. மண் வாடை இல்லை, துணி கருகும் வாடை. கையை விட்டுப் பார்த்தாள். தொட்டி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. நிமிர்ந்தாள். புகை குடோன் ஜன்னலிலிருந்து வந்தது.

"தீ! ஐயோ, நெசமாவே தீங்க!"

கட்டிங் செக்‌ஷனிலிருந்து ஒரு குரல், "குப்பை வெந்துருச்சாட்டம் இருக்குது" என்றது. அதைத் தொடர்ந்து சிரிப்புச் சத்தம். ஒருத்தரும் எழுந்து வரவில்லை.

குல்சார் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மெஷின் துடைத்த எண்ணெய்த் துணி மூட்டை ஒன்று உள்ளுக்குள் தானாகச் சூடேறிக் கனன்றுகொண்டிருந்தது. அக்பர் படுத்திருந்த மூலைக்குப் போக அதைத் தாண்டித்தான் வழி. "ஏனுங்க! எந்திரீங்க!" இருமல் சத்தம் மட்டும் வந்தது. கதவோரம் இருந்த வாளித் தண்ணீரை எடுத்து வீசினாள். அது மூட்டையின் மேலே வழிந்து ஓடிவிட்டது, உள்ளே கங்கு நகர்ந்துகொண்டே போனது. வெளியே ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஓடினாள், தொட்டிக்கு. ஈரம் சொட்டும் குப்பையைக் கூடை கூடையாக வாரிக் கொண்டுவந்து கொட்டி, வெறுங்கையால் அப்பினாள். புகை எழும்பிய இடமெல்லாம் அப்பினாள். தோல் உரிவது அப்போது தெரியவே இல்லை. கனல் அமுங்கியதும் அதன்மேல் ஏறித் தாண்டி, அக்பரின் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தாள்.

அதற்குள் புகையைப் பார்த்துவிட்ட முத்தாயி போட்ட கூச்சலில்தான் மற்றவர்கள் வந்தார்கள். மூட்டையை வெளியே இழுத்துப் போட்டார்கள். குல்சாரின் முகத்தைப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை.

அக்பர் பிழைத்துக்கொண்டார். குல்சாரின் இரண்டு உள்ளங்கையும் ஆற வெகுநாள் ஆயிற்று. ஆறிய பிறகு சூடு எது, குளிர் எது என்று அந்தக் கைகளுக்குத் தெரியவில்லை. சுடுசோற்றுப் பானையை வெறுங்கையால் தூக்கிவிட்டு, கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

மண் தயார் பண்ணுவதை மட்டும் அவள் விடவில்லை. தொட்டியில் ஆவி எழும்பும் காலைகளில் அக்பரைக் கூட்டிவந்து நிறுத்துவாள்.

"ஏனுங்க, கையை விட்டுப் பாருங்க. சுடுதுங்களா?"

அக்பர் முழங்கைவரை விட்டுப் பார்ப்பார். "வெதுவெதுன்னுதான் இருக்குது குல்சாரு."

"நெசமாத்தானுங்களா?"

அவர் மறுபடியும் கையை விடுவார்.