இரண்டு பூட்டுத் தொங்கும் கோயிலும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணனின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் மீதிப் பேரோடு பேசுவதில்லை. ஆனாலும் இரு பக்கத்தாருக்கும் அண்ணன் வேண்டியவர். அதனால் யாருக்காகவும் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல் எழுதுகிறேன். மனத்தில் பட்டதைச் சொல்லும் உரிமையை இந்தத் தங்கைக்கு அவர் எப்போதும் கொடுத்திருந்தார்.

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் இதே ஊரில், மல்லிகைத் தோட்டக்காரர் வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். அப்பா சீக்கிரமே இறைவனடி சேர்ந்துவிட, விடியலில் பூ எடுத்து வேனில் ஏற்றிவிட்டு ஈரக் கையோடு பள்ளிக்கு ஓடியவர். திண்டுக்கல்லில் விடுதியில் தங்கிப் பயிற்சி முடித்து, வத்தலக்குண்டில் ஆசிரியரானார். எனக்குத் திருமணம் செய்து வைத்த பிறகே அண்ணியைக் கைப்பிடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியாராக நம் கோயிலில் செபம் நடத்துவார். அதற்குச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில், திருவிழாச் சப்பரம் தங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்று கீழத்தெருவார் கேட்டார்கள். எங்கள் மேலத்தெரு மறுத்தது. தெரு என்று எழுதுகிறேன்; அது எதைக் குறிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கைகலப்பாகி, போலீஸ் வந்து, கோயில் அடைக்கப்பட்டது. போலீஸ் போனதும் மேலத்தெரு கதவில் ஒரு பூட்டுப் போட்டது. நம்பிக்கை இல்லாமல் கீழத்தெருவும் ஒன்று போட்டது. ஒரு சாவி எங்கள் சித்தப்பாவிடம், மற்றது கீழத்தெரு அருளப்பன் அண்ணனிடம். இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். இப்படி ஓர் ஏற்பாடு நம்மவர்களுக்குத்தான் தோன்றும்.

அண்ணன் கோயில் படியிலேயே செபத்தைத் தொடர்ந்தார். எசேக்கியேல் புத்தகத்தை விடவே மாட்டார். காய்ந்த எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து உயிர் பெற்று நின்றதையும், பிரிந்துபோன மக்கள் ஒன்றாவார்கள் என்பதற்கு அடையாளமாக இறைவாக்கினர் இரண்டு கோல்களை ஒரே கோலாகப் பிடித்ததையும் விளக்குவார்.

"எலும்பா கெடந்ததையே எழுப்புனவருப்பா. நம்ம கதவு அவருக்கு எம்புட்டு?" என்பார்.

"ஏலே, எலும்புக்குத் தெரு கெடையாது. நமக்கு இருக்குல்ல" என்றார் சித்தப்பா ஒரு நாள். கூட்டம் சிரித்தது.

அதன்பின், கீழத்தெருவுக்குப் பரிந்து பேசுகிறார் என்று, அண்ணன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு எங்கள் தெருவில் ஒருவரும் வரவில்லை. மேலத்தெருவுக்குள் வரப் பயந்து கீழத்தெருவாரும் வரவில்லை. ஆக்கிய சோறு அண்டாவிலேயே ஆறிப்போனது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அடுத்த ஞாயிறும் அண்ணன் படியில் போய் உட்கார்ந்தார்.

சிறுநீரகம் பழுதாகி, திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த கடைசி மாதங்களில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். இறந்தோரைச் சுமக்கும் மரத் தூம்பா அந்தப் பூட்டிய கோயிலுக்குள்தான் கிடந்தது. அதுவரை இரு தெருவும் தங்கள் சாவுகளைக் கட்டிலில் வைத்துத்தான் தூக்கிப் போயின.

"என்னையக் கோயிலுக்குள்ள வச்சு, நம்ம தூம்பாவுல தூக்கிட்டுப் போகச் சொல்லு தாயி. ரெண்டு தெருவும் வரணும்."

"வரலைன்னா?"

"வாசல்லயே வச்சிருங்க. அவுக வார வரைக்கும் நான் எங்க போகப்போறேன்?"

அப்படியே செய்தோம். அருளப்பன் அண்ணன் முதலில் வந்து தம் பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். சித்தப்பா வரவில்லை. வெயில் ஏறியது. மாலைகளில் மல்லிகை சுருங்கிப் பழுப்பேறியது. அண்ணி எழுந்துபோய்ச் சித்தப்பா வீட்டு வாசலில் நின்றார். வெயில் இறங்கும் வரை அங்கேயே நின்றார். பொழுது சாயும் நேரத்தில் சித்தப்பா வந்து, யார் முகத்தையும் பாராமல் பூட்டைத் திறந்தார்.

அண்ணனை உள்ளே வைத்துச் செபித்தோம். அங்கே கிடந்த தூம்பாவின் ஒரு கொம்பைக் கரையான் அரித்திருந்தது. தோளில் ஏற்ற முடியாது. ஆண்கள் அடியில் கைகொடுத்து, நெருக்கியடித்துக்கொண்டு கல்லறை வரை சுமந்தார்கள். யார் எந்தத் தெரு என்று பார்க்க யாருக்கும் அப்போது தோன்றவில்லை. அண்ணன் இதைப் பார்க்கவில்லையே என்று வாய்விட்டு அழுதேன். ஆனால் மண் போட்டுத் திரும்பியவர்கள் குளிக்கும் முன்பே இரண்டு பூட்டும் மறுபடி தொங்கின. அவர் கேட்டது அந்த ஒரு மாலைப் பொழுதை மட்டுமல்ல. ஓராண்டாக எனக்கு ஆறவில்லை.

அண்ணனோடு பணியாற்றிய ஆசிரியர்களுக்கும், ரத்தம் கொடுத்த பேகம்பூர் நண்பருக்கும், இறுதிவரை நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும், கைகொடுத்துச் சுமந்த இரு தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சாவி கொண்டுவந்த இருவருக்கும் நன்றி.

இன்றைய திருப்பலிப் பந்தலைக் கோயில் கதவை ஒட்டியே போடச் சொல்லியிருக்கிறேன். சித்தப்பா, அருளப்பன் அண்ணன், சாவிகள் உங்களிடம்தான் இருக்கின்றன. போன முறை வாசலில் அண்ணன் காத்துக் கிடந்தார். இந்த முறை நாங்கள் இருக்கிறோம்.