தேவன் அண்ணன் ஓட்டியது பொம்மை பைக் இல்லை

தேவன் அண்ணன் போய்விட்டார். நேற்று காலை, பந்திங் ரோட்டில்... சிம்பாங்கில், ரோடு பிரிகிற இடத்தில், நின்றுகொண்டிருந்தவர் மேலேயே ஒரு லோரி திரும்பிவிட்டது.

அந்த விபத்து வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ‘பொம்மை பைக்கில் ரோட்டுக்கு வந்த ஆள்’ என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டிருக்கிறார்கள். கீழே சிரிப்பு எமோஜி வேறு.

அது பொம்மை இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கிள்ளானில் ஒரு பஸ் ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம். அவர் வெல்டர். நான் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டர்.

அண்ணன் பிறவியிலேயே குள்ளம். நின்றால் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வருவார். சாதாரண மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது.

அதனால் தினமும் சாயங்காலம் யாராவது வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பின் சீட்டில் வைப்பார்கள்... நல்ல மனசோடுதான்.

ஒரு நாள் அவர் ஒரு கஸ்டமரிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் ஆள் ஒருவன் அவசரத்தில், ஒரு வார்த்தை கேட்காமல், பின்னாலிருந்து அப்படியே தூக்கி சீட்டில் வைத்துவிட்டான்.

பேச்சு பாதியில் நின்றது. கஸ்டமர் சிரித்தார்.

மறுநாள் காலை என் கவுண்டருக்கு வந்தார். விபத்தில் நொறுங்கின மோட்டார் ஏதாவது இருந்தால் சொல்லச் சொன்னார். பாடி எப்படி இருந்தாலும் பரவாயில்லை, இன்ஜின் நல்லாயிருக்க வேண்டும். இருநூற்றைம்பது சிசி.

சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிற மினிபைக் ஒன்று ஏற்கனவே வாங்கி வைத்திருந்தார். ஐம்பது சிசி இன்ஜின் உட்காருகிற இடம் அது. அதில் இருநூற்றைம்பது...

எதற்கு இவ்வளவு பெரிய இன்ஜின் என்று நான் கேட்காத நாள் இல்லை. அவர் சிரிப்பதோடு சரி.

பாடியை நடுவில் அறுத்து, இரும்புக் குழாய் வைத்து நீட்டினார். இன்ஜின் உள்ளே போனால் செயின் டயரில் உரசும். செயினைச் சரி செய்தால் டேங்குக்கு இடம் இருக்காது. வெட்டுவார், ஒட்டுவார், மறுபடி வெட்டுவார்.

புகைக்குழாய் காலை ஒட்டிப் போகும். கெண்டைக்காலில் தோல் வெந்து உரிந்தது. ஒரு பிஸ்கட் டின்னை வெட்டி மறைப்பு வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

முதல் ஓட்டம் டெங்கில் பக்கம், செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில். நானும் போயிருந்தேன்.

கிளட்சை விட்டதும் முன் சக்கரம் தலைக்கு மேலே எழுந்துவிட்டது. பைக் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம்.

ஓடிப்போய்ப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறார். தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது.

“முன்னால வெயிட்டு பத்தல... இன்ஜின இன்னும் முன்னுக்குத் தள்ளணும்” என்றார். அப்புறம்தான் வலியில் கத்தினார்.

ஆஸ்பத்திரியில் சரசு அக்கா அழுதார். அண்ணனின் மனைவி. மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று சக்கர மோட்டார் கிடைக்கிறதே, அதை வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கெஞ்சினார்.

நான் கேட்டுக்கொண்டே இருந்ததற்கும் அன்றைக்குத்தான் அண்ணன் வாயிலிருந்து பதில் வந்தது.

“மூணு சக்கரத்துல போனா எல்லாரும் பாவம்னு வழி விடுவாங்க, சரசு. எனக்கு யாரும் வழி விட வேணாம். நானே முந்திப் போறேன் லா.”

அக்கா அதற்கப்புறம் கேட்கவில்லை.

தோள் சரியானதும் இன்ஜினை முன்னுக்குத் தள்ளினார். இந்த முறை சக்கரம் தரையில் நின்றது. அந்த மண் ரோட்டின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். இறங்கவே மனசில்லாமல் இரண்டு காலையும் தரையில் ஊன்றி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்த முகத்தை நான் வேறு எந்த நாளும் பார்த்ததில்லை.

அப்புறம் வேலைக்கும் அதிலேயே வர ஆரம்பித்தார். அந்த பைக்கை ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது. அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தப்பு என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடப் போவதில்லை.

ரொம்பத் தாழ்வான வண்டி, பெரிய வண்டிக்காரர்கள் கண்ணில் படாது என்று அக்காவுக்குப் பயம். ஆரஞ்சுத் துணியில் ஒரு கொடி தைத்து, நீளக் கம்பியில் கட்டிப் பின்னால் நட்டு விட்டார். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கழற்றவில்லை.

லோரி டிரைவர் போலீசிடம் சொன்னாராம்... கொடி தெரிந்ததாம். ரோட்டு வேலைக்காக யாரோ நட்டு வைத்தது என்று நினைத்தாராம். அதன் கீழே ஒரு மனுஷன் இருப்பார் என்று தோன்றவில்லையாம்.

அவரும் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாராம். யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை அக்கா வீட்டுக்குப் போனேன். அதற்குள் யாரோ அந்த வீடியோவை அவருக்கே அனுப்பியிருக்கிறார்கள். கமெண்ட் எல்லாம் படித்துவிட்டார்.

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ எழுதுவியே... அவரு வேலைக்குத்தான் போய்க்கிட்டிருந்தாருன்னு எழுது. வெளையாடப் போகலன்னு எழுது” என்றார்.

எழுதிவிட்டேன் அக்கா.

வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். சாப்பாட்டு டப்பாவும் வெல்டிங் கிளவுசும் பையில் இருந்தன.

வீடியோ உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள். தயவுசெய்து.

போஸ்ட்மார்ட்டம் முடிந்து இன்று சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். நாளை மதியம் எடுக்கிறார்கள்.

மோட்டார் கிளப் தம்பிகள் கூட்டமாக பைக்கில் வந்து மரியாதை செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். அன்புதான், புரிகிறது. ஆனால் வேண்டாம் தம்பிகளா... காரில் வாங்க, பஸ்ஸில் வாங்க.

தெருவில் எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் அக்கா எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார்.

நாளைக்கு வரேன், அண்ணே.