தேய்ந்த டிஸ்க்

கொண்டை ஊசி வளைவில் பிரேக் கருகும் வாசனை வந்தால் போதும், எனக்குச் சின்னானின் கால் ஞாபகம் வந்துவிடும்.

மலைமேல் செம்மேட்டில் எனக்கு பைக் மெக்கானிக் கடை. சின்னான் என் கூட்டாளி. மிளகு மூட்டையை பைக்கில் கட்டி மலையிறக்குபவன். அவன் வண்டிக்கு சேலத்துப் பழைய சாமான் கடையிலிருந்து முன் ஃபோர்க்கும் டிஸ்க் பிரேக்கும் வாங்கி வந்தேன். ஃபோர்க் நேராக இருந்தது, எண்ணெய் கசியவில்லை. பிரேக் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடான டிஸ்க்கின் துருவைத் தேய்த்தேன். எந்தத் தடிமனுக்குக் கீழே தேய்ந்தால் மாட்டக்கூடாது என்று அதிலேயே பொறித்திருந்தது. அளந்தேன். குறைவுதான். மறுபடி சேலம் போக அலுப்பு. மாட்டிவிட்டேன்.

எங்கள் மலையில் பெட்ரோல் மிச்சமென்று இன்ஜினை அணைத்துவிட்டே இறங்குவோம். அவனும் அப்படித்தான் இறங்கினான், மூட்டையோடு, இன்ஜினின் பிடிப்பும் இல்லாமல், மொத்தப் பாரத்தையும் அந்த டிஸ்க்கை நம்பி. பாதி மலையில் சூடேறி பிரேக் விட்டுப்போனது. வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீட்டுக்கு வந்தபின் பார்க்கப் போனேன்.

"இன்ஜின ஆஃப் பண்ணுனது என் தப்பு மாப்ள. நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்கற?" என்று சிரித்தான். "அந்த பிரேக்கு சும்மாதான கெடக்குது? கழட்டி என் தம்பி வண்டிக்கு மாட்டி உடு."

அதுவரை டிஸ்க் விஷயத்தைச் சொல்லாமலிருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

"வேண்டாண்டா. அது தேஞ்சது. தெரிஞ்சேதான் மாட்டுனேன்."

போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே அவன் பார்த்தான். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. எழுந்தேன்.

"போறப்ப கதவச் சாத்திட்டுப் போ" என்றான்.